பசந்தர் ஆற்றங்கரையில் இறந்த சிப்பாய்: பெரியப்பாவின் கல்லில் என்ன எழுதுவது?

#1 மேட்டாங்காடு

வணக்கம். மூலனூருக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. என் அப்பாவின் அண்ணன் மதராஸ் ரெஜிமென்டின் 16ஆவது பட்டாலியனில் சிப்பாயாக இருந்தார். 1971 டிசம்பர் 16 காலையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டிப் பிடித்த இடத்தில் இறந்தார். அப்போது வயது இருபது. அன்று மாலைதான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு 8 மணிக்கு மேற்கு எல்லையிலும் போர் நின்றது.

வரும் டிசம்பரில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைக்க எங்கள் ஊர் இளைஞர் மன்றம் முன்வந்திருக்கிறது. அதற்காக அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளாக யாரும் பேசாத ஒன்றை அவர்கள்தான் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் எனக்கு அனுப்பிய வாசகத்தில், எதிரியின் இரண்டு டாங்கிகளைத் தனி ஒருவராகத் தகர்த்துவிட்டு அவர் உயிர் நீத்தார் என்று இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வந்த தந்தியிலும் இல்லை. உடனிருந்த கன்னியாகுமரிப் பக்கத்து நாயக் ஒருவர் பிறகு எழுதிய கடிதத்திலும் இல்லை. காலையில் பள்ளத்தை ஆழப்படுத்திக்கொண்டிருந்தபோது குண்டு வந்து விழுந்தது, உடனே உயிர் போய்விட்டது, வேதனைப்படவில்லை என்றுதான் அதில் இருக்கிறது.

மன்றத்தின் வாசகத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “டாங்கியை உடைத்தானா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் ஓடினால் எந்தக் கிடாயும் முந்தாது என்பது தெரியும். அதை எழுதச் சொல்” என்றார்.

என் கேள்வி இதுதான். தெரிந்ததை மட்டும் எழுதினால் கல் சின்னதாகத் தெரியுமா? இந்தப் போரைப் பற்றித் தெரிந்தவர்கள், பழைய படைவீரர்கள், எங்கள் பக்கத்துக்காரர்கள் எழுதுங்கள். பெரியப்பாவின் பெயரை இந்த இழையில் போடவேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அது முதலில் கல்லில் வரட்டும்.

#2 மன்றத்துத் தம்பி

அண்ணா, அந்த வாசகத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பசந்தர் சண்டையைப் பற்றித் தேடினால் எங்கே பார்த்தாலும் டாங்கிகள்தான் வருகின்றன. அந்த இடத்தில் நின்று சண்டையிட்டவர் டாங்கியோடு மோதாமலா இருந்திருப்பார்? இன்னொன்றும் உண்டு. “பள்ளம் தோண்டும்போது இறந்தார்” என்று எழுதினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்று படிப்பார்களா? நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போகும்போது என்ன சொல்வது? நாலு பேர் மனதில் நிற்க வேண்டும் என்ற ஆசையில் எழுதியது.

#3 பழைய ஹவில்தார்

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். 1974இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேறு பட்டாலியன். 71 போரில் நான் இல்லை. ஆனால் நீலகிரி வெலிங்டனில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத்களில் சிலர் அந்தக் குளிரையும் அந்தக் குண்டுகளையும் பார்த்தவர்கள். பசந்தர் எங்கள் ரெஜிமென்டின் போர்ப் பெருமைகளில் ஒன்று. அதைப் பற்றிக் கேட்காமல் யாரும் பயிற்சியை முடித்ததில்லை.

ஷகர்கர் என்பது பாகிஸ்தான் நிலம் நம் பக்கமாகப் புடைத்து நிற்கும் பகுதி. பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை அதற்கு மிக அருகில் ஓடுகிறது. அந்தச் சாலை அறுபட்டால் காஷ்மீருக்குத் தரைவழியே இல்லாமல் போய்விடும். ஆகவே நாம் முந்திக்கொள்ள வேண்டியிருந்தது. டிசம்பர் 5 இரவு நம் படை எல்லையைத் தாண்டி நுழைந்தது. அதன் பிறகு பத்து நாள்களும் கண்ணிவெடி வயலுக்குப் பின் கண்ணிவெடி வயல். 15ஆம் தேதி இரவு, பசந்தரைத் தாண்டி அக்கரையில் கால் ஊன்றும் வேலை 54ஆவது டிவிஷனின் 47ஆவது பிரிகேடுக்கு வந்தது. 16 மதராசுக்குச் சராஜ் சக். 3 கிரனேடியர்சுக்கு ஜர்பால். இரண்டும் சிறிய கிராமங்கள்.

இப்போது மன்றத்துத் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட தாக்குதலில் காலாட்படைதான் முதலில் போகும், அதுவும் நடந்தே போகும். டாங்கிகள் பின்னால் வருவதற்குப் பொறியாளர்கள் கண்ணிவெடியை அகற்றிப் பாதை திறக்க வேண்டும். அன்றிரவு பாதை பாதிதான் திறந்திருந்தது. அக்கரையில் இருந்த நம் ஆட்கள் எதிரி டாங்கிகளின் நடமாட்டத்தைக் கண்டு, உடனே நம் டாங்கிகள் வேண்டும் என்று கேட்டார்கள். பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட் முழுதும் அகற்றப்படாத பாதை வழியாகவே துணிந்து தாண்டி வந்தது. அருண் கேத்தர்பால் என்ற இருபத்தொரு வயது அதிகாரி 16ஆம் தேதி டாங்கிச் சண்டையில் இறந்து பரம் வீர் சக்கரம் பெற்றது அங்கேதான். நீங்கள் தேடியபோது கிடைத்த டாங்கிகள் அவர்களுடையவை.

அந்த டாங்கிகள் வரும்வரை இடத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் யார்? இவருடைய பெரியப்பா போன்ற பையன்கள். கையில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, செக்ஷன் என்ற சிறு குழுவுக்கு ஒரு எல்.எம்.ஜி. இயந்திரத் துப்பாக்கி, டாங்கியை அடிக்கப் பட்டாலியனில் சில ஆர்.சி.எல். பீரங்கிகள். அவ்வளவுதான். ஓர் இடத்தைப் பிடித்தவுடன் சிப்பாய் செய்யும் முதல் வேலை மண்ணைத் தோண்டுவது. ஏனென்றால் நேற்றுவரை அது எதிரியின் இடம். அங்கே உள்ள ஒவ்வொரு வரப்பின் தூரமும் அவனுடைய பீரங்கிக்காரர்களுக்கு மனப்பாடம். விடிந்ததும் எண்ணி எண்ணிப் போடுவான். இரவெல்லாம் நடந்து, சண்டையிட்டு, தூக்கமில்லாமல், டிசம்பர் மாதப் பனியில் இறுகிய மண்ணைத் தோண்டுவது எப்படிப்பட்டது என்று நாலு பேருக்குச் சொல்லுங்கள். பள்ளம் தோண்டுவதைக் குறைவாக நினைக்கிறவர் குண்டு விழும் இடத்தில் ஒரு நாழிகை இருந்ததில்லை. போரில் பீரங்கிக் குண்டின் சிதறலுக்குத்தான் காலாட்படைக்காரர்கள் அதிகம் பலியாவார்கள். பட்டாலியனின் கமாண்டிங் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அவர்களே அந்தச் சண்டையில் உயிரிழந்தார். மகாவீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது.

இரண்டு டாங்கி என்று எழுதினால், நாளைக்கு எங்கள் ரெஜிமென்ட்காரர் ஒருவர் அந்த வழியில் இறங்கிப் படித்துவிட்டு, “அப்படியானால் விருது எங்கே?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைமையை அந்தப் பையனின் தம்பிக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? சராஜ் சக்கைப் பிடித்தவர்களில் ஒருவர், அதை விடாமல் வைத்திருந்தபோது இறந்தார். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒரு சொல்லும் சின்னதும் இல்லை.

#4 நொய்யல் கரை

ஹவில்தார் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்குக் கல் வைப்பதிலேயே உடன்பாடு இல்லை. இருபது வயதுப் பையன் ஏன் படைக்குப் போனான் என்று யாராவது கேட்டார்களா? வீட்டில் சோறு இருந்திருந்தால் போயிருப்பானா? சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தச் சராஜ் சக்கும் ஜர்பாலும் பாகிஸ்தானுக்கே திரும்பிப் போய்விட்டன. எதற்காக இறந்தார் என்பதை எழுதாமல் எப்படி இறந்தார் என்று மட்டும் எழுதுவது பாதி உண்மைதான். இளைஞர்கள் அதைப் படித்து என்ன எடுத்துக்கொள்வார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

#5 மேட்டாங்காடு

நொய்யல் கரை அண்ணா, நீங்கள் கேட்டதை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவர் இறந்ததைப் பற்றி ஒரு பத்திதான் தெரியும். வாழ்ந்ததைப் பற்றி அப்பாவுக்கு நிறையத் தெரியும்.

நாங்கள் அருந்ததியர். ஊருக்குக் கிழக்கே வளவில், அதாவது எங்கள் மக்களின் தனிக் குடியிருப்பில், வீடு. பெரியப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஒரு தோட்டத்தில் ஆடு மேய்க்கும் வேலையில் சேர்க்கப்பட்டார். வருடக் கூலி தானியமாக. எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம். மரத்தடியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பாராம். கடையில் பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட அவர் தூக்கி எறிந்ததில்லை என்று அப்பா சொல்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பிறகு அவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதியதற்கு அந்தப் பொட்டலத் தாள்கள்தான் காரணம்.

தப்பட்டை அடிப்பதில் எங்கள் அப்பாரு (தாத்தா) பேர்போனவர். பெரியப்பாவும் நன்றாக அடிப்பார். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் விடிய விடிய ஆடுவார்கள். அடிப்பது நாங்கள். அதற்கு மேல் அந்தக் கோயிலில் எங்களுக்கு இடம் இல்லை. டீக்கடையில் தனிக் குவளை. இதெல்லாம் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தி அல்ல.

ஆகவே வறுமைக்காக மட்டும் போனார் என்று என்னால் எழுத முடியாது. மழை பொய்த்தது, தானியக் கூலி போதவில்லை, இரண்டும் உண்மை. ஆனால் கோயம்புத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் தாராபுரத்துக்கு நடந்து போய் அங்கிருந்து பஸ் ஏறியவர் அவர். முதல் தடவை மார்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தும் அனுப்பிவிட்டார்களே என்று ஆத்திரம். வீட்டுக்கு வந்து தினமும் மண்வெட்டி பிடித்தார், மூச்சை அடக்கிக் கிணற்றில் முங்கினார், மறுபடியும் போனார். 1969இல் எடுத்துக்கொண்டார்கள்.

வெலிங்டனிலிருந்து வந்த முதல் கடிதத்தில் குளிரைப் பற்றி ஒரு வரிதான். மீதி முழுதும் லங்கரை, அதாவது படையின் சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றி. மலையாளி, தெலுங்கர், கன்னடர், எல்லாச் சாதிக்காரரும் ஒரே வரிசையில் தட்டை நீட்டுகிறார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாராம். அப்பாருக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டுபோய் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மாதா மாதம் மணியார்டர் வந்தது. அதில்தான் அப்பாவின் படிப்பு நடந்தது. 1971 சித்திரையில் விடுப்பில் வந்தபோது பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்ததற்கு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் கழற்றவில்லை. அதே நோம்பியில் தப்பட்டையை எடுத்து அப்பாருக்குப் பக்கத்தில் நின்று அடித்தார். இரண்டையும் அப்பா ஒன்றாகத்தான் சொல்வார். அடுத்த விடுப்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்த கடிதங்களில் 56 ஏ.பி.ஓ. என்ற படைத் தபால் முகவரி மட்டும்தான். எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

எதற்காக இறந்தார் என்று கேட்கிறீர்கள். பிடித்த ஊர்கள் திரும்பிப் போனது உண்மை. அதற்கு எங்களிடம் பதில் இல்லை, கல்லிலும் எழுதப்போவதில்லை. எதற்காகப் போனார் என்பது ஓரளவு தெரியும். அது கல்லில் வரவேண்டும் என்பது என் ஆசை.

#6 அமராவதி டீச்சர்

படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தம்பி, அவருடைய அம்மா? உங்கள் ஆத்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

#7 மேட்டாங்காடு

டீச்சர் அக்கா, ஆத்தா (அப்பாவின் அம்மா) நான் கல்லூரி முடிக்கும்வரை இருந்தார்.

டாக்கா விழுந்த செய்தி பஞ்சாயத்து ரேடியோவில் வந்தபோது வளவிலும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். போர் முடிந்துவிட்டது, பையன் வந்துவிடுவான் என்று ஆத்தா மாவிடிக்கக் கம்பு ஊறவைத்தார். தந்தி வந்தது சில நாள் கழித்துத்தான். ஆகவே அந்த இடைப்பட்ட நாள்களில் எங்கள் வீட்டில் அவர் உயிரோடு இருந்தார். ஆத்தா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார், குண்டைப் பற்றி அல்ல.

உடல் வரவில்லை. அந்தக் காலத்தில் போர்முனைக்குப் பின்னாலேயே எரியூட்டிவிடுவார்கள். கார்கில் போரில், 1999இல்தான் உடல்கள் சொந்த ஊர்களுக்கு வரத் தொடங்கின. எங்களுக்கு வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. உள்ளே சட்டைகள், ஒரு போர்வை, சவரப் பெட்டி, அப்பா எழுதிய கடிதங்கள். உடலைப் பார்க்காததால் ஆத்தா பல காலம் நம்பவில்லை. எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பார். போர்க்கைதிகள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது தாராபுரம் பஸ் நிலையத்துக்கே போய் நின்றிருக்கிறார்.

பெற்றோருக்கான ஓய்வூதியம் வந்தது. நடுவில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஓர் அலுவலகத்தில் நிறுத்தி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை, மகனைப் பறிகொடுத்தவளை, எத்தனை முறை நடக்க வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. அப்பா வேலைக்குப் போன பிறகுதான் அது சரியானது.

#8 கல்தேடி

இந்த இழைக்கு என்னால் ஆனது ஒன்று. வீரக்கற்களைத் தேடிக் கொங்கு நாடு முழுதும் சுற்றுகிறவன் நான். காங்கேயம், தாராபுரம், அவிநாசி, பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் புலிக்குத்திக் கல் உண்டு. பட்டியைக் காக்க நின்ற ஒருவன் பாயும் புலியை ஈட்டியாலோ வாளாலோ குத்துவது போன்ற சிற்பம். பலவற்றில் எழுத்தே இல்லை. யார் என்று தெரியாமலே பொங்கல் வைக்கிறார்கள். எழுத்து இருக்கும் கற்களைப் படித்தால் ஒன்று கவனத்தில் படும். வாசகம் மிகவும் அடக்கமானது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், மாடு கவர வந்தவர்களோடு மோதிப் பட்டான். முடிந்தது. ஆயிரம் பேரை வெட்டினான் என்று எழுதமாட்டார்கள். அந்த ஊரார் எல்லோருக்கும் நடந்தது தெரியும். பொய் எழுதினால் கல்லுக்கு மரியாதை போய்விடும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டில் சில ஊர்களில் பதித்த பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர். எண் மட்டும்தான். ஒரு பெயரும் இல்லை.

மன்றத்துத் தம்பி, பிள்ளைகள் நின்று படிப்பார்களா என்று கேட்டீர்கள். ஆடு மேய்த்த கொறங்காட்டின் பெயரைக் கல்லில் போடுங்கள். தாங்கள் தினமும் கடந்து போகும் இடம் அதில் இருந்தால் கட்டாயம் படிப்பார்கள்.

#9 தோட்டத்துவீடு

இந்த இழையின் சுட்டியை உறவினர் ஒருவர் அனுப்பினார். மேட்டாங்காடு அண்ணா, உங்கள் பெரியப்பா ஆடு மேய்த்தது எங்கள் தோட்டத்தில். நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். விடுமுறைக்கு வந்தபோது அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

என் அப்பாரு கணக்கு நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். 1964இலிருந்து பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் ஒரு வரி: ஆட்டுக்காரப் பையனுக்குக் கம்பு இத்தனை வள்ளம், சோளம் இத்தனை வள்ளம், ஒரு வேட்டி. எங்கும் பெயர் இல்லை. எங்கள் மாடுகளின் பெயர்கள் அதே நோட்டில் இருக்கின்றன. மயிலை, செவலை என்று எதை எவ்வளவுக்குக் கண்ணபுரம் சந்தையில் விற்றோம் என்பதுகூட இருக்கிறது. அவர் பெயர் இல்லை. கல்தேடி அண்ணாவின் பதிவுக்குப் பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொல்லாமல் படைக்குப் போனபோது அப்பாரு கோபப்பட்டார், முன்பணம் பாக்கி இருந்தது என்று அப்பா சொன்னார். 1972 தை மாதத்தில் அந்தப் பாக்கிக்குக் குறுக்கே கோடு இழுத்து ‘நேர்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. துக்கத்துக்கு வளவுக்குப் போனாரா என்று கேட்டேன். போகவில்லை என்றார் அப்பா.

அப்பாவுக்கு நினைவில் இருப்பது வேறு. ஒருமுறை வெறிநாய் ஒன்று பட்டிக்குள் புகுந்தபோது உங்கள் பெரியப்பா கிளுவைக் குச்சியோடு ஓடி வந்து அதைத் தோட்டத்து எல்லைவரை துரத்தினாராம். அப்பா மரத்தின்மேல் ஏறிக்கொண்டு பார்த்தாராம். அவ்வளவு வேகமாக ஓடிய மனிதனைப் பிறகு பார்த்ததே இல்லை என்கிறார். உங்கள் அப்பா சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன.

கல் வைக்க எங்கள் இட்டேரி (தோட்டத்து வேலிப் பாதை) முனையில் இடம் தருகிறோம். எழுதியே கொடுக்கிறோம். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

#10 சென்னிமலைத் தறி

தறியை நிறுத்திவிட்டுப் படித்தேன். மன்றத்துக்கு என் பங்கும் உண்டு. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

#11 பழைய ஹவில்தார்

மேட்டாங்காடு தம்பிக்குச் சில வேலைகள். கல்லில் எழுதுவதற்கு முன் விவரம் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் பதக்கங்கள். மேற்கு முனையில் போரிட்டவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் உண்டு. இறந்தவர்களின் குடும்பத்துக்கும் அனுப்புவார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் பாருங்கள். பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு வெட்டியிருக்கும். மதராஸ் ரெஜிமென்ட் சிப்பாயின் எண் 25 என்று தொடங்கும். அந்த எண் கையில் இருந்தால் வெலிங்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் கேட்கலாம்.

இன்னொன்று. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில் ஏறத்தாழ 26,000 பெயர்கள் கிரானைட்டில் இருக்கின்றன. இணையத்திலும் தேடலாம். பழைய ஆவணங்களில் நீங்கள் திருப்பூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. அந்த மாவட்டம் வந்ததே 2009இல். 1971இல் தாராபுரம் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பெயரும் ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும். எண்ணை வைத்துத் தேடுவதுதான் சரி.

நொய்யல் கரை தம்பிக்கும் ஒரு வார்த்தை. போருக்கு அனுப்புகிறவர்களைக் கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. போனவனை மறந்துவிடுவது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

#12 நொய்யல் கரை

ஐயா, #5ஐயும் #9ஐயும் படித்த பிறகு என் எதிர்ப்பு வேறு இடத்துக்குப் போய்விட்டது. போர் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் கணக்கு நோட்டிலும் பெயர் இல்லை, ஊரிலும் பெயர் இல்லை என்றால் கல் வேண்டும். லங்கரைப் பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் படையில் எதைக் கண்டார் என்பது அதில்தான் இருக்கிறது.

#13 மேட்டாங்காடு

எல்லோருக்கும் நன்றி. பதக்கம் கிடைத்துவிட்டது. ஆத்தாவின் பழைய சேலையில் சுற்றி, பெட்டியின் அடியில் இருந்தது. துடைத்துப் பார்த்தால் விளிம்பில் எண் தெளிவாக இருக்கிறது, ஹவில்தார் ஐயா சொன்னபடியே 25இல் தொடங்குகிறது. டெல்லி நினைவகத்தின் பட்டியலிலும் அவர் இருக்கிறார். பெயரில் இரண்டு எழுத்து மாறியிருக்கிறது, எண் சரி. அப்பாவிடம் திரையில் காட்டினேன். பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இடத்தைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். தோட்டத்துவீடு தம்பியின் மனதுக்கு அவர் மகிழ்ச்சி தெரிவிக்கச் சொன்னார். ஆனால் கல் பேருந்து நிறுத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார். இட்டேரிக்குள் வைத்தால் நாங்கள் மட்டும்தான் பார்ப்போம், நிறுத்தத்தில் வைத்தால் ஊரும் வளவும் சேர்ந்து பார்க்கும் என்பது அவருடைய பேச்சு. அதில் அவர் உறுதியாக இருக்கிறார், நானும் அப்படியே.

வாசகத்தை இப்படி எழுதியிருக்கிறேன். பெயரும் பெற்றோர் பெயரும் மேலே வரும்.

“இவ்வூர் வளவில் 1951இல் பிறந்தார். வடக்குக் கொறங்காட்டில் ஆடு மேய்த்தார். ஓட்டத்தில் இவரை முந்தியவர் இல்லை. தப்பட்டைக் கலைஞர். 1969இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதை வீட்டுக்கு எழுதித் தெரிவித்தார். தம்பியைப் படிக்க வைத்தார். 1971 டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றைத் தாண்டிச் சராஜ் சக்கைப் பிடித்தவர்களில் ஒருவர். மறுநாள் காலை அந்த இடத்தைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். வயது 20.”

குறை இருந்தால் சொல்லுங்கள்.

#14 மன்றத்துத் தம்பி

மன்றத்தில் படித்துக் காட்டினேன் அண்ணா. ஒருவர் மட்டும் டாங்கி இல்லையே என்றார். ஹவில்தார் ஐயாவின் பதிவை முழுதும் படித்த பிறகு அவரும் பேசவில்லை. இதையே வைத்துக்கொள்கிறோம். நிறுத்தத்தில் வைக்கப் பஞ்சாயத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். கல் வேலையைத் திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பியிடம் பேசியிருக்கிறோம். தப்பட்டையை ஓரத்தில் சின்னதாகச் செதுக்கட்டுமா என்று கேட்கிறார்.

#15 மேட்டாங்காடு

செதுக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியும் தப்பட்டையும் ஒரே அளவில் இருக்கட்டும்.

#16 பழைய ஹவில்தார்

வாசகம் நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். பெயருக்கு முன் ‘சிப்பாய்’ என்று போடுங்கள், அது அவர் சம்பாதித்த பதவி. ரெஜிமென்ட் என்று மட்டும் எழுதாமல் ‘16ஆவது பட்டாலியன்’ என்பதையும் எண்ணையும் சேர்க்கவேண்டும். எங்கள் ஆட்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். கோபியிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் வருகிறோம். எங்களுக்குச் சாப்பாடு வளவிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

#17 மேட்டாங்காடு

இரண்டையும் சேர்த்துவிட்டேன் ஐயா. அப்பா இப்போதே அரிசிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தோட்டத்துவீடு தம்பியும் அவருடைய அப்பாவும் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

#18 தோட்டத்துவீடு

வருகிறோம் அண்ணா. அப்பாவால் நெடுந்தூரம் நடக்க முடியாது, வளவுவரை கார் வருமா?

#19 மேட்டாங்காடு

வரும். தார்ச்சாலை போட்டுவிட்டார்கள்.